நாடு விலகட்டும் என்று நான் பேசிய சனிக்கிழமை

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோவில் இருந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெளிச்சம்தான். மனிதர்கள் பிறகுதான் வருகிறார்கள். காலையில் கார்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு எங்கள் அபார்ட்மெண்ட் வளாகத்தில் ஒரு சத்தமும் இருக்காது. புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் தானாகச் சுழலும், தானாக நிற்கும். ஜன்னலுக்கு வெளியே அகலமான சாலை, அதற்கு மேலே தேவைக்கு மேல் பெரிய வானம். நான் காபி டம்ளருடன் நின்றுகொண்டு அந்தச் சாலையில் பேருந்து விடுவேன்.

மனசுக்குள்தான். அங்கே எங்கள் பக்கம் பேருந்து என்று ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அதற்கு முன்பு நாங்கள் கனடாவில், ஆட்டவாவில் இருந்தோம். அங்கே நகரப் பேருந்து அலுவலகத்தில் கால அட்டவணை போடும் பிரிவில் எனக்கு வேலை. எந்தத் தடத்தில் எப்போது வண்டி, பனி கொட்டினால் எதை எந்தப் பக்கம் திருப்புவது, ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடியும் நேரத்தில் வாசலில் வண்டி நிற்க வேண்டுமே, அதற்கு எங்கிருந்து ஒரு வண்டியை இழுப்பது, இதெல்லாம் என் மேஜையில் முடிவாகும். மைனஸ் முப்பதில் ஒரு கிழவி நிறுத்தத்தில் வந்து நிற்கிறாள், அவளுக்கு வண்டி வருகிறது என்றால் அது என் கைங்கரியம். அந்தக் கிழவியை நான் பார்த்ததே இல்லை. அவளுக்கும் என்னைத் தெரியாது. அப்படியும் அவளுக்காகத்தான் நான் காலையில் எழுந்து ஓடினேன்.

அப்புறம் என் கணவரின் டெலிகாம் கம்பெனி, தன் ஆட்களில் பாதிப்பேரை டெக்சாஸுக்கு மாற்றியது. அவருக்குப் பெரிய பதவி. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கனடா போய்க் குடியுரிமையும் வாங்கியிருந்தோம். அதனால் மற்ற இந்தியர்களைப் போல விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து ஒரு வணிக உடன்படிக்கை போட்டிருந்தன. தக்காளியும் கார் பாகமும் எல்லை தாண்டிப் போகலாம் என்று எழுதிய அதே உடன்படிக்கையில், இன்ன இன்ன தொழில் செய்கிறவர்களும் போகலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் இன்ஜினியர் உண்டு. பேருந்துக்கு நேரம் போடுகிறவள் இல்லை. நான் அவரோடு கூட வரலாம், தங்கலாம், வேலை மட்டும் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு வருடமும் டொரன்டோ விமான நிலையத்துக்குப் போய் அமெரிக்க அதிகாரியிடம் இன்னொரு வருடம் வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஆக, தக்காளியோடு தக்காளியாகத்தான் நாங்கள் டெக்சாஸுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்று ஒரு திமிர். ஊருக்கே பேருந்து விட்டவளுக்கு எதற்குக் கார்? அதனால் கடைக்குப் போக வேண்டுமென்றால் அடுத்த கட்டிடத்து அக்காவின் வேனில்தான் போவேன். அக்கா கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். அவருடைய கணவர் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். அக்கா வாரத்தில் ஒரு நாள் என்னை ஏற்றிக்கொண்டு போவார். வழியெல்லாம் யார் வீட்டில் என்ன என்று சொல்லிக்கொண்டே வருவார். இந்த வீட்டில் வளைகாப்பு, அந்த வீட்டில் கிரீன் கார்டு, இன்னொரு வீட்டில் மாமியார் வந்து ஆறு மாதமாகக் கிளம்பவில்லை. குற்றம் சொல்வதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கறிவேப்பிலை வந்திருக்கிறது என்று தெரிந்தால் எனக்கும் சேர்த்து ஒரு கட்டு வாங்கிவிடுவார்.

ஒரு குளிர்காலத்தில் அக்காவின் வேன் ரேடியோவில் எப்போது பார்த்தாலும் ஒரே பேச்சு. இந்த உடன்படிக்கையிலிருந்து நாடு விலக வேண்டும் என்று சிலர் பெரிதாகக் கிளப்பியிருந்தார்கள். பொதுமக்கள் போன் செய்து கருத்துச் சொல்லலாம். தன் ஃபேக்டரியைப் பெயர்த்துக்கொண்டு தெற்கே போய்விட்டார்கள் என்று ஒருவர் கிட்டத்தட்ட அழுதார். எல்லையோரம் லாரி ஓட்டுகிறவர், விலகினால் என் லாரியை யார் வாங்குவீர்கள் என்று கேட்டார். ஒரு வயதான பெண்மணி, சேர்வதற்கு முன் என்னிடம் யாரும் கேட்கவில்லையே, விலகுவதற்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். அந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அக்காவுக்கு இதிலெல்லாம் அக்கறை கிடையாது. “போனாப் போகுது, நமக்கென்ன அம்மணி” என்றார்.

“அது போனா நாங்களும் போணும் அக்கா. எங்க விசாவே அதுல வந்ததுதான்” என்றேன்.

அக்கா வேனை ஓரமாக நிறுத்தினார். “அடப்பாவமே. இத்தன நாளா சொல்லவே இல்லையே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆள் வந்தார்கள். ஒருவர் சாம்பார் கொண்டுவந்தார். ஒருவர் தனக்குத் தெரிந்த லாயரின் போன் நம்பரைக் கொடுத்தார். கடைசி வரை விசாவுக்கு வரிசையில் நின்று வந்தவர் ஒருவர், “ஷார்ட் கட்ல வந்தா இதான் சார்” என்று ஆறுதல் மாதிரி ஒன்று சொல்லிவிட்டுப் போனார். இந்தியக் கடையில் வேறு கவலை. டெக்சாஸில் நாங்கள் சாப்பிட்ட மாம்பழம் மெக்சிகோவிலிருந்து வந்தது. விலகிவிட்டால் மாம்பழத்துக்கு எங்கே போவது என்று பெட்டிப் பெட்டியாக வாங்கி பிரிட்ஜை அடைத்தவர்கள் உண்டு, அக்கா உட்பட. ஜனவரி மாதத்தில் எங்கேயிருந்து வந்த பழமோ, நாரும் புளிப்புமாக இருந்தது. அதையும் வாங்கினார்கள்.

என் கணவருக்கு உண்மையிலேயே தூக்கம் போனது. ஆபீஸிலிருந்து வந்ததும் டிவியைப் போடுவார். யாராவது விலகக் கூடாது என்று பேசினால் அவர் முகம் தெளியும். விலக வேண்டும் என்றால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பேன். விலகு, விலகு என்று ஒவ்வொருவர் சொல்லும்போதும் எனக்குள்ளே மெல்லத் தித்தித்தது. கண்ணை மூடினால் ஆட்டவா ஆறு உறைந்து கிடக்கும். பாலத்தின் மேல் என் வண்டி, விளக்கெல்லாம் எரிய, நேரத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது. அவ்வளவு ஆசையாக அந்த வேலைக்குப் போய்வந்தார் மனிதர்.

சங்கத்தின் பொங்கல் விழாவில் வருடா வருடம் பட்டிமன்றம் உண்டு. குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா, இதைத் தவிர வேறு தலைப்பு அதுவரை வந்ததில்லை. அந்த வருடம் செயலாளருக்கு உலக ஞானம் வந்துவிட்டது. ‘வணிகக் கூட்டிலிருந்து நாடு விலகலாமா, கூடாதா’ என்று தலைப்பு வைத்தார். அவரே நடுவர். யார் எந்த அணி என்பதை ஒரு எவர்சில்வர் டம்ளரில் சீட்டுப் போட்டு எடுத்தார். என் கணவர் கூடாது அணி, நான் விலகலாம் அணி. சீட்டில் அப்படி வந்தது என்று செயலாளர் சத்தியம் செய்தார். புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரெதிரே உட்கார வைத்தால்தான் கூட்டம் சிரிக்கும் என்று தெரிந்தே செய்த வேலை என்பது என் கட்சி.

பட்டிமன்றத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் பேசுகிறவர் எதை நம்புகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கிடைத்த பக்கத்தை எடுத்துக்கொண்டு விளாச வேண்டியதுதான். எதிரணிக்காரரை நார்நாராகக் கிழித்துவிட்டு, கீழே இறங்கி அவரோடு சேர்ந்து வடை சாப்பிடலாம். மேடையில் சொன்னதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அது எழுதாத சட்டம். எல்லாரும் அதை நம்பித்தான் பேசுகிறோம், கேட்கிறோம்.

ஒரு நடுநிலைப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மதிய வெயில் உயரமான கண்ணாடிகள் வழியாக இறங்கி, அலுமினியத் தட்டுகளில் இருந்த சர்க்கரைப் பொங்கலின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஏலக்காய் வாசனை. குழந்தைகள் பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டு ஓடின. எனக்கு எல்லாமே தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. மைக் கிய்யென்று கத்தியபோதுதான் நான் மேடையில் இருக்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது.

என் கணவர் எனக்கு முன்னால் பேசினார். நன்றாகவே பேசினார்.

“நடுவர் அவர்களே, இந்தக் கூட்டு இல்லேன்னா நான் இங்க இல்ல. நான் இல்லேன்னா என் மனைவி இங்க இல்ல. என் மனைவி இல்லேன்னா இன்னிக்கு உங்க தட்டுல இருக்கற புளியோதரை இல்ல.” கூட்டம் கை தட்டியது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “கனடால என்ன வாழ்ந்தா அவ? விடிகாலைல எழுந்திரிச்சு, பனிய மிதிச்சுக்கிட்டு ஆபீஸுக்கு ஓடணும். இங்க பாருங்க, ஓட்டம் இல்ல, குளிர் இல்ல, யாருக்கும் பதில் சொல்ல வேணாம். மகாராணி மாதிரி இருக்கா. இதுக்கு மேல ஒரு பொண்ணுக்கு என்ன வேணும், நீங்களே சொல்லுங்க.”

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பிடுங்கியது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பிரியமாகச் சொன்னார். எனக்குச் செய்து கொடுத்த நல்லது இது என்று முழுக்க நம்பிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். அக்காவின் மாம்பழ பிரிட்ஜை வைத்து ஒரு கேலியும், லாரிக்காரரை வைத்து ஒன்றும் தயாராக வைத்திருந்தேன். இரண்டையும் சொன்னேன், சிரித்தார்கள். அதற்குப் பிறகு பேசியதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

“எதிரணித் தலைவர் ராணின்னு சொன்னார்” என்றேன். “ஆமாங்க, ராணிதான். ராணிக்கும் வேலை கிடையாது. நடுவர் அவர்களே, இந்த உடன்படிக்கைல ஒரு லிஸ்ட் இருக்கு. அதுல இன்ஜினியர் இருக்கார், கணக்குப் பாக்கறவர் இருக்கார். என் பேருக்கு நேரா என்ன போட்டிருக்கான் தெரியுமா? கூட வந்தவ. தக்காளிக்குக்கூட அதுல ஒரு மதிப்பு இருக்கு, இந்தப் பக்கம் வந்தா வித்துடலாம். நான் வந்து என்ன ஆனேன்? நான் ஒரு ஊரையே நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பிக்கிட்டு இருந்தவ. இப்போ சாயங்காலம் ஒருத்தர் வீட்டுக்கு வர்றதுக்காக ஜன்னல்ல நிக்கறேன். ரெண்டு பேர் சேர்ந்து போட்ட கூட்டுல ஒருத்தர் கைய மட்டும் கட்டி வெச்சா அதுக்குப் பேரு கூட்டா? விலகட்டுங்க. நாளைக்கே விலகட்டும். நான் போன வருஷமே மனசுக்குள்ள பெட்டி கட்டிட்டேன்.”

மணி அடிக்க வேண்டிய நடுவர் அடிக்க மறந்துவிட்டார். கூடம் அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டலை அந்தச் சங்கம் அதுவரை கேட்டதில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஆண்கள் மேஜையைத் தட்டினார்கள். என்ன நடிப்பு, என்ன ஃபீலிங் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. அக்கா முன் வரிசையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் எல்லா முகமும் ஒன்றுபோலச் சந்தோஷமாக இருந்தது. என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடு விலக வேண்டாம், மாம்பழம் வரட்டும் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். சிறந்த பேச்சாளர் பரிசு எனக்கு. பரிசு என்ன தெரியுமா? பிரஷர் குக்கர். நல்ல கனமான குக்கர். வாங்கிக்கொண்டு கும்பிட்டேன்.

திரும்பி வரும்போது அவர் காரை ஓட்டினார். சுங்கச் சாலையின் இரண்டு பக்கமும் காலி நிலம், அதற்கு நடுவே எங்கேயோ ஒரு புதுக் கட்டிடம் வெயிலில் பளபளத்தது. குக்கர் என் மடியில் இருந்தது.

“நல்லா பேசின” என்றார்.

“எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க சிரிக்கலையே.”

“எனக்குச் சிரிப்பு வரல.” கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார். “அது பட்டிமன்றத்துக்குப் பேசினது இல்ல, இல்லையா?”

“இல்ல.”

“எத்தன நாளா?”

“வந்ததுலேர்ந்தே.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கல. அங்க மேடைல ஏத்தி, மைக்கக் குடுத்து, பேசுன்னாங்க. பேசிட்டேன்.” “நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அதக் கெடுக்க மனசு வரல.”

எங்கள் எக்ஸிட்டைத் தவறவிட்டுவிட்டு, அடுத்ததில் இறங்கித் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சண்டையும் போடவில்லை, சமாதானமும் ஆகவில்லை. அவர் டிவி போடுவதை விட்டுவிட்டார். ரேடியோவிலும் அந்தப் பேச்சு சில வாரங்களில் அடங்கியது. ஜனங்கள் வேறு எதற்கோ கோபப்படத் தொடங்கியிருந்தார்கள். நாடு எங்கேயும் விலகவில்லை. சாம்பார் கொண்டுவந்தவர்கள் எங்களை வழியில் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். தப்பிச்சீங்க, தப்பிச்சீங்க என்று கையைக் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். என் ஒரே நம்பிக்கை போய்விட்டது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு தேசம் விலகி என்னைக் கொண்டுபோய் விட வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். யாரோ போன் செய்து, யாரோ ஓட்டுப் போட்டு, எனக்கு ஒரு வழி பண்ண வேண்டும். நானாகப் போனால் அது பெண்டாட்டி புருஷனை விட்டுப் போனது. நாடு அனுப்பினால் விதி. நினைக்க நினைக்க எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. ஒரு பகலில் ஆட்டவாவுக்கு, என் பழைய மேலதிகாரிக்கு போன் செய்தேன். பிரெஞ்சு வாடை வீசும் இங்கிலீஷில் அவர் முதலில் கேட்டது, எப்போது வருகிறாய் என்பதுதான். அன்று சாயங்காலம் அதை என் கணவரிடம் சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டொரன்டோ கிளம்புகிற அன்று நான் துணிகளைத் தனித்தனியே இரண்டு பெட்டியாகக் கட்டியதை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றார்.

விசா புதுப்பிக்க டொரன்டோ போனோம். அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே, கனடாவின் விமான நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டினால் அமெரிக்காவுக்குள் வந்த கணக்கு. எங்கள் முறை வந்தது. அதிகாரி என் கணவரின் காகிதங்களைப் புரட்டினார். முத்திரை குத்தினார். பிறகு என் பாஸ்போர்ட்டை எடுத்து, எவ்வளவு காலம் தங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விக்கு என் கணவர்தான் பதில் சொல்வார், ஒரு வருடம் என்று. இந்த முறை அவர் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பி நின்றார். பின்னால் வரிசை காத்திருந்தது. ஒரு குழந்தை பெட்டியின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அவர் மட்டும்தான் போகிறார், நான் போகவில்லை என்றேன்.

அதிகாரிக்கு அது ஒரு விஷயமே இல்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, நான் வெளியே போக வேண்டிய கதவைக் காட்டினார். அவ்வளவுதான். கைதட்டல் இல்லை, அழுகை இல்லை. என் கணவர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு நாலு அடி போனார், திரும்பி வந்தார்.

“ரசப்பொடி எங்க வெச்சிருக்க?” என்று கேட்டார்.

“ஸ்டவ்வுக்கு மேல, ரெண்டாவது தட்டுல. மஞ்ச மூடி.”

தலையாட்டிவிட்டுப் போனார். அவர் முதுகு கூட்டத்தில் மறைகிற வரைக்கும் நின்று பார்த்தேன். அப்புறம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் அழுதேன். முடிந்ததும் ஆட்டவா போகும் பேருந்தைப் பிடித்தேன். ஜன்னலோரம். வழியெல்லாம் ஏரியும் மரமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. வண்டி ஐந்து நிமிடம் தாமதம் என்று மனசுக்குள் ஒரு ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போன் செய்வார். நாங்கள் பிரியவில்லை. இரண்டு பேரும் இரண்டு ஊரில் வேலை பார்த்தோம், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை அவர் வருவார், அல்லது நான் விருந்தாளியாகப் போவேன். சில வருடம் கழித்து டெலிகாம் கம்பெனிகள் சரிந்தபோது அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே வந்துவிட்டார். ஆனால் அந்த முதல் வசந்தத்தில் பிளானோ ஊருக்கு அதெல்லாம் தெரியாது. அவரைப் பார்க்கிற இடத்திலெல்லாம், கோயிலில், கடையில், மெயில் பாக்ஸ் பக்கத்தில், என்னைப் பற்றி விசாரித்தார்கள். சண்டை என்றார்கள் சிலர். குழந்தை இல்லாத ஏக்கம், டிரீட்மெண்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள் சிலர். அன்றைக்கு மேடையிலேயே எனக்குத் தெரியும் என்று சொன்னவர்களும் உண்டாம், அன்றைக்குக் கையைத் தட்டி மேஜையை உடைத்தவர்கள்தான். எல்லாரையும்விட அதிகமாகப் பேசியவர் அக்கா என்று என் கணவர் போனில் சொன்னார். கட்டினவனைப் பட்டினி போட்டுவிட்டு அப்படி என்ன வேலை வேண்டிக் கிடக்கிறது என்று சங்கக் கூட்டத்திலேயே கேட்டாராம். எனக்குச் சுருக்கென்றது. அக்காவின் வேனில் போய் வாங்கிய கறிவேப்பிலையெல்லாம் கசந்தது.

கோடைத் தொடக்கத்தில், கனடாவில் மட்டும் விடுமுறையான ஒரு நாள் மதியம், அக்காவே போன் செய்தார். அடுத்து வரப்போவது அர்ச்சனை என்று தெரிந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நல்லா இருக்கறயா அம்மணி” என்று ஆரம்பித்தார். உன் வீட்டுக்காரர் இளைத்துவிட்டார், வெள்ளிக்கிழமை சாப்பாடு கொடுத்தனுப்பினேன், குக்கர்ல சாதம் வெக்கக்கூடத் தெரியல அவருக்கு, நீ செஞ்சது எனக்குச் சரியாப் படல, ஊரே பேசுது. நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் அக்கா சொல்லி முடித்தார். போனில் அந்த வீட்டு ஏசியின் முணுமுணுப்பு கேட்டது. அவருடைய கணவர் ஆபீஸ் போயிருப்பார், பிள்ளைகள் ஸ்கூல் சம்மர் கேம்ப் என்று எங்கேயாவது இருப்பார்கள். பகல் நேரத்துப் பிளானோ எனக்குத் தெரியாததா?

“நான் பேங்க்ல ஆபீசரா இருந்தேன், தெரியுமா உனக்கு?” என்றார். “கோயமுத்தூர்ல. கவுண்டருக்குப் பின்னால தனி ரூம். கதவுல என் பேரு.”

தெரியாது என்றேன். அத்தனை நாள் அவர் வேனில் போயும், ஊரில் எல்லா வீட்டுக் கதையும் அவர் சொல்லிக் கேட்டும், இதை அவர் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

“இவருக்கு இது ஒன்னும் தெரிய வேண்டாம்” என்றார் அக்கா. குரல் ரொம்பத் தணிந்திருந்தது. “சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன். கனடாவுக்கு எப்படி அப்ளை பண்ணோணும்?”

நிறைய விவரம் இருக்கிறது அக்கா, எழுதிக்கொள்ள ஏதாவது எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் லைனில் இருக்கிறேன் என்றேன்.

“எடுத்து வெச்சுட்டுத்தான் போன் பண்ணேன்” என்றார் அக்கா. “நீ சொல்லு.”